பாப்பாரப்பட்டியில் ஓர் ஐப்பசி
(கொள்ளை நோய்க் காலத்தில் ஓய்வு பெற்ற இருவரின் அன்றாடம்)

"மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதிக் கொடு" என்று சங்கச் செயலாளர் கேட்டபோது எனக்குச் சற்றுத் தயக்கமாகத்தான் இருந்தது. நான் படித்தது பொறியியல். கல்வெட்டும் செப்பேடும் எனக்குத் தெரியாது. ஆனால் 2020-ஆம் ஆண்டில் பத்து மாதங்கள் எங்கள் ஊரிலேயே தங்கி, ஓய்வு பெற்ற என் பெற்றோரின் வாழ்க்கையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அதுவும் இப்போது வரலாறாகிவிட்டது. இன்று முதலாண்டு படிக்கும் தம்பி தங்கைகள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களுக்காகவும் என் வகுப்புத் தோழர்களுக்காகவும் அதையே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பாப்பாரப்பட்டி. தருமபுரியிலிருந்து பென்னாகரம் வட்டாரத்துக்குள் சுமார் பதினைந்து கிலோமீட்டர் வந்தால் வரும் பேரூராட்சி. அந்தக் காலத்தில் சேலம் ஜில்லா. 1965 அக்டோபர் 2 முதல் தருமபுரி மாவட்டம். மானாவாரி பூமி. கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் அவரையும் புளியும்தான் எங்கள் செல்வம். மேல்நாட்டார் சொல்லும் இலையுதிர் காலம் நமக்கு இல்லை. முன்னோர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்து, ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றார்கள். எங்கள் பக்கத்தில் கடலை பிடுங்கி முடிந்து, கேழ்வரகு கதிர் வாங்கி, அவரை பூப்பிடிக்கும் காலம் அது. வாடைக் காற்றில் கிழவர்கள் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு திண்ணையில் உட்காருவார்கள். 2020-இல் திண்ணைகள் காலியாக இருந்தன.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்ச் 22 அன்று மக்கள் ஊரடங்கு. 24-ஆம் தேதி மாலை முதல் மாநிலத்திலும், 25 முதல் நாடு முழுவதிலும் முழு ஊரடங்கு. பெங்களூரில் நான் வேலை பார்த்த நிறுவனம் அதற்குச் சில நாள் முன்பே எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. செப்டம்பர் 1 முதல் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டாம் என்றார்கள், கோயில்களும் திறந்தன. 7-ஆம் தேதி மாவட்டங்களுக்கிடையே பஸ் ஓடத் தொடங்கியது. எல்லாம் தளர்ந்த அந்த நேரத்தில்தான் நோயும் உச்சத்துக்குப் போனது. செப்டம்பர் நடுவில் நாட்டில் ஒரே நாளில் 97 ஆயிரம் பேருக்கு மேல் தொற்று கண்டது. அதாவது பஸ் வந்தது. ஆனால் அறுபது தாண்டியவர்கள் அதில் ஏறப் பயந்தார்கள்.

காலை முதல் இரவு வரை

அப்பா தபால்காரராக இருந்து 2016-இல் ஓய்வு பெற்றவர். அம்மா கிராம சுகாதார செவிலியர். 58 வயது முடிந்து 2018-இல் ஓய்வு. ஊரில் இன்றும் அம்மாவுக்கு "நர்சம்மா" என்றுதான் பெயர்.

அப்பா விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து மொட்டை மாடியில் நாற்பது சுற்று நடப்பார். ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்த கால்கள், சும்மா இருக்காது. ஏழு மணிக்குக் கபசுரக் குடிநீர். பால் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவுவது, காய்கறியை மஞ்சளும் உப்பும் கலந்த நீரில் போடுவது, ரூபாய் நோட்டை வெயிலில் காய வைப்பது எல்லாம் அப்பாவின் இலாகா. அம்மா சிரிப்பார். "ஏங்க, நோட்டுக்கு வடாம் மாதிரி வெயில் காட்டறீங்க" என்பார். மதியம் களியும் கீரைக் கடைசலும். மாலையில் எங்கள் மூவருக்கும் ரத்த அழுத்தம் பார்த்து ஒரு பழைய டைரியில் அம்மா குறித்து வைப்பார். இரவு செய்தி, பிறகு ஐ.பி.எல். அந்த வருடம் ஆட்டம் அரபு நாட்டில் நடந்தது, மைதானத்தில் ஜனமே இல்லை. "ஆள் இல்லாத மேட்சை எப்படிடா பார்க்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டே அப்பாவும் கடைசி ஓவர் வரை பார்ப்பார்.

அந்த ஆண்டு புரட்டாசி முதல் நாளே மகாளய அமாவாசை. செப்டம்பர் 17. தாத்தாவுக்குப் படையலை வீட்டோடு முடித்துக்கொண்டோம். புரட்டாசிச் சனிக்கிழமைத் தளிகைக்கு வழக்கமாகப் பங்காளி வீட்டார் எல்லாம் கூடுவார்கள். அந்த வருஷம் மூன்றே பேர் நின்று "கோவிந்தா" சொன்னோம். குரல் எங்களுக்கே விநோதமாக இருந்தது.

குடும்பத்தைத் தாங்கியது எது என்றும் சொல்லவேண்டும். என் சம்பளத்தில் பிடித்தம் விழுந்தது. அப்பாவுக்கு மத்திய அரசு ஓய்வூதியம், அம்மாவுக்கு மாநில ஓய்வூதியம். 2020 ஏப்ரலில் இரண்டு அரசுகளும் அகவிலைப்படி உயர்வை நிறுத்தி வைத்தன. ஆனாலும் மாதம் பிறந்தால் பணம் வந்தது. மே மாதத்தில் மாநில அரசு ஊழியரின் ஓய்வு வயது 58-இலிருந்து 59 ஆனது. அடுத்த ஆண்டு 60. மாநிலத்தில் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகும், மத்திய அரசில் 2004 ஜனவரி 1-க்குப் பிறகும் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய ஓய்வூதியம் கிடையாது. பிள்ளை பெற்றோரைக் காப்பாற்றுவதுதான் ஊர் வழக்கம். அந்த வருடம் எங்கள் தெருவில் பல வீடுகளில் பெற்றோரின் ஓய்வூதியம் பிள்ளைகளைக் காப்பாற்றியது.

தகரம் அடித்த வீடு

ஐப்பசி பிறந்த வாரத்தில் எங்கள் தெருக் கோடியில் ஒரு லாரி டிரைவருக்குத் தொற்று என்று தெரிந்தது. 108 வண்டி வந்து அவரைத் தருமபுரிக்கு அழைத்துப்போனது. வீட்டுக்குத் தகரம் அடித்தார்கள். உள்ளே அவர் மனைவி, இரண்டு குழந்தைகள். மறுநாள் பால்காரர் அந்த வீட்டைத் தாண்டிப் போனார். மளிகைக் கடைக்காரர் போனில் "அப்புறம் பார்க்கலாம்மா" என்றார். யாரும் கெட்டவர்கள் இல்லை. பயம்.

அம்மா கிளம்பினார். அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "உனக்குச் சர்க்கரை இருக்கு. ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றார். "முப்பது வருஷம் தேமல் பார்த்து மாத்திரை கொடுத்தவங்க நானு. எத்தனை வீட்டுல தொழுநோய்னு தெரிஞ்சதும் தண்ணி கூடக் கொடுக்க மாட்டாங்க, நான் பார்த்திருக்கேன். நோயை விட அதுதாங்க கொல்லும்" என்றார் அம்மா. இரண்டு நாள் இருவரும் பேசவில்லை. அறுபது வயதுக்கு மேல் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பதன் கனம், பக்கத்தில் இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

மூன்றாம் நாள் காலையில் அப்பா பரணிலிருந்து தம் பழைய காக்கிப் பையை எடுத்தார். "நீ சமை. நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வீடு வீடா நின்னு கொடுக்கிறது எனக்குப் பழக்கம்" என்றார். தகரத்தின் மேல் வழியாக ஒரு கயிறு, கயிற்றில் வாளி. பால், இட்லி, குழந்தைகளுக்கு மிட்டாய், அம்மாவின் ஆக்சிமீட்டர். ஆறடி தள்ளி நின்று அம்மா எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்வார். பதினாலு நாளும் தவறவில்லை. நான்காம் நாள் பால்காரரும் அந்த வாளியில் பால் பாக்கெட் போட ஆரம்பித்தார். டிரைவர் குணமாகி வந்தார்.

இந்த ஊருக்கு ஒரு பழைய கடமை

இந்த இடத்தில்தான் எங்கள் ஊரின் பெரிய வரலாற்றைச் சொல்லவேண்டும். பாப்பாரப்பட்டி என்றாலே தியாகி சுப்பிரமணிய சிவா. வத்தலகுண்டில் 1884 அக்டோபர் 4-இல் பிறந்தவர். 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி.யோடு கைதானார். சிவாவுக்குப் பத்தாண்டு தண்டனை. மேல்முறையீட்டில் ஆறாண்டாகக் குறைந்தது. 1912 நவம்பரில் வெளியே வந்தபோது தொழுநோயும் அவரோடு வந்தது. சிறை கொடுத்த நோய். 'ஞானபாநு' பத்திரிகை நடத்தினார்; பாரதி அதில் எழுதினார். நோய் முற்றியபோது, தொழுநோயாளி ரயிலில் போகக்கூடாது என்று அவரைத் தடுத்தார்கள். நாட்டுக்காகச் சிறை போனவர், நாட்டின் ரயிலில் ஏற முடியவில்லை. அவர் உட்கார்ந்துவிடவில்லை. கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

அப்படிப்பட்டவருக்கு இடம் கொடுத்தது எங்கள் ஊர். இங்கே நிலம் வாங்கி, பாரதபுரம் என்று பெயரிட்டு, ஆசிரமம் அமைத்தார். பாரத மாதா கோயிலுக்கு 1923-இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்புவதைப் பார்க்காமலே 1925 ஜூலை 23 அன்று, நாற்பது வயதில், இங்கேயே சிவா காலமானார். ஓய்வு என்ற சொல்லே அவருக்குக் கிடையாது.

நோயாளியை ஒதுக்குவதற்கு அன்று சட்டமே துணை நின்றது. 1898-இல் வந்த தொழுநோயாளிகள் சட்டத்தை நாடாளுமன்றம் முற்றாக நீக்கியது 2016-இல்தான். தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாகக் காட்டலாம் என்ற விதி போனது 2019-இல். கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-லேயே பரிந்துரைத்துவிட்டது. மருந்து வந்து முப்பது நாற்பது ஆண்டு கழித்துத்தான் சட்டம் மாறியிருக்கிறது. மனசு மாற இன்னும் எத்தனை ஆண்டு என்று கணக்குப் போடுங்கள்.

2020-இலும் அப்படியே. ஏப்ரலில், சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. அதன் பிறகு மாநில அரசு, அடக்கத்தைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி அவசரச் சட்டம் கொண்டுவந்தது. நோயாளி வீட்டுக் கதவில் அறிவிப்பு ஒட்டும் வழக்கம் பற்றி டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: உரிய அதிகாரியின் குறிப்பான உத்தரவு இல்லாமல் ஒட்டக்கூடாது. எங்கள் தெருவில் அந்தத் தீர்ப்பு, ஒரு மாதம் முன்பே, கயிறும் வாளியுமாக வந்துவிட்டது என்று நான் பெருமையாகச் சொல்வதுண்டு.

ஒரு நூற்றாண்டு முன்னாலும் இதே பருவத்தில்தான் பேரழிவு வந்தது. 1918 ஜூனில் பம்பாயில் இறங்கிய விஷக்காய்ச்சல், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை இரண்டாம் அலையாக அடித்தது. மழையும் பொய்த்த வருடம். இந்தியாவில் ஒரு கோடிக்கு மேல் இறந்தார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரலாற்றில் நாட்டின் ஜனத்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு 1911-21. அத்தனை பேர் போயும், எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் அதைப் பற்றி ஒரு கதை கூட மிஞ்சவில்லை. யாரும் எழுதி வைக்கவில்லை.

உயிரோடு இருப்பதற்குச் சான்று

நவம்பர் வந்தது. மத்திய அரசு ஓய்வூதியர் ஆயுள் சான்று கொடுக்கும் மாதம். அந்த ஆண்டு காலக்கெடுவை நீட்டித்தார்கள். மாநில ஓய்வூதியர்க்கு நேர்காணலே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். வங்கி வாசலில் கூட்டம் கூடக்கூடாது என்று, தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை வாங்கிச் சான்று பதியும் வசதியும் அந்த நவம்பரில்தான் வந்தது. கட்டணம் எழுபது ரூபாய். எங்கள் வீட்டுக்கு வந்த இளைஞர், அப்பா தொழில் கற்றுக்கொடுத்த பையன். "சார், விரலை வையுங்க" என்றார். கட்டைவிரல் பதியவில்லை. முப்பத்தைந்து வருஷம் கடிதம் பிரித்துப் பிரித்து ரேகை தேய்ந்துபோயிருந்தது. நான்காவது விரலில்தான் கருவி ஒத்துக்கொண்டது. "ஊருக்கெல்லாம் சேதி கொண்டுபோனேன். நான் உசிரோட இருக்கிற சேதியை நீ கொண்டுபோறே" என்று அப்பா சிரித்தார்.

தீபாவளி நவம்பர் 14. அந்த வாரத்தில்தான் அப்பாவோடு வேலை பார்த்த நண்பர் சேலத்தில் கொரோனாவில் இறந்தார். போக முடியவில்லை. முப்பது ஆண்டு நட்பு. அப்பா அன்று மாடியில் நடக்கவில்லை. மாலையில் ஐம்பது பைசா அஞ்சலட்டை ஒன்றை எடுத்து அவர் மனைவிக்கு நான்கு வரி எழுதினார். அதைத் தானே போய்த் தபால் பெட்டியில் போட்டார். எட்டு மாதத்தில் அவர் அவ்வளவு தூரம் நடந்தது அன்றுதான். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. முகக்கவசத்தை எடுத்துக் கொடுத்தார்.

2021 மார்ச் 1 முதல் அறுபது வயதானவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியது. எத்தனையோ குழந்தைகளுக்கு ஊசி போட்ட அம்மா, முதல் வாரத்திலேயே வரிசையில் நின்றார். இப்போது இருவரும் நலம். கயிறும் வாளியும் கிணற்றடிக்குத் திரும்பிவிட்டன. அம்மாவின் அந்த டைரி மட்டும் என் மேஜையில் இருக்கிறது. மூவரின் ரத்த அழுத்தத்துக்குப் பக்கத்தில், தகரம் அடித்த வீட்டுக்காரர்களின் பதினாலு நாள் ஆக்சிஜன் அளவும் அதில் உள்ளது.

தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு, ஒரு மருந்துச் சீட்டு, ஒரு இ-பாஸ் நகல் கிடக்கும். பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். தாத்தா பாட்டியிடம் அந்த ஐப்பசியை எப்படிக் கழித்தீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். 1918-க்கு எங்கள் ஊரில் சாட்சி இல்லாமல் போனது. 2020-க்கு அப்படி ஆகவேண்டாம்.