வேலியில் பிறந்த ரோஜா

திருக்கடையூர்த் திருக்கோயிலின் தலமரங்கள் வில்வமும் பிஞ்சிலமும் ஆகும். பிஞ்சிலம் என்பது சாதிமுல்லை. மார்க்கண்டேயர் தம் வழிபாட்டின் பொருட்டுக் கங்கை நீரை இங்கு வருவித்தபோது அந்நீரோடு இக்கொடியும் வந்தது என்று தலபுராணம் கூறும். அதன் மலர் இறைவனுக்கே உரியது, பிறர்க்குச் சூட்டப்படுவதில்லை. புராணச் செய்தியை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும், தன் தலமரத்தையே வேற்றிடத்திலிருந்து வந்த கொடி என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஊர் இது என்பது நோக்கத்தக்கது. அதே ஊரில் நாள்தோறும் மணக்கும் மற்றொரு பூவும் வேற்றிடத்திலிருந்து வந்ததே. அதன் வருகையைச் சொல்லப் புராணம் இல்லை. அது பன்னீர் ரோஜா.

அறுபதாம் ஆண்டு நிறைவுக்கும், பீமரத சாந்திக்கும், சதாபிடேகத்துக்கும் திருக்கடையூருக்கு வரும் இணையர் மாற்றிக்கொள்ளும் மாலைகளில் சம்பங்கிக்கும் மருவுக்கும் இடையே இளஞ்சிவப்பாய்ப் பொதிந்திருக்கும் இப்பூவை அறியாதார் இலர். பூக்கடையில் இது பன்னீர் ரோஜா. வேளாண் நூல்களில் எட்வர்டு ரோஜா. பெயர் இரண்டு இருந்தும், தமிழ்க் கவிதையில் இதற்கு நெடுங்கால இடம் இல்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய தொண்ணூற்றொன்பது மலர்களுள் ரோஜா இல்லை. இத்தலத்து அம்மையைப் பாடிய அபிராமி பட்டர், அந்தாதியின் முதற்பாடலில் அம்மையின் செம்மைக்கு மாதுளம்போதை உவமையாக்கினாரேயன்றி ரோஜாவை நினைக்கவில்லை. அவர் வாழ்ந்தது முதலாம் சரபோஜி தஞ்சையை ஆண்ட காலம், அதாவது பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். பின்னர்ப் புதுக்கவிதைக் காலத்தில் ரோஜா வெள்ளமெனப் புகுந்தது. புகுந்த வேகத்திலேயே தேய்ந்தும் போனது. காதலுக்கு ஒரு பூ, முள்ளுக்கு ஓர் ஏக்கம் என்ற அளவில் அதனை நிறுத்திய கவிஞர் பலர். அப்பூ எங்ஙனம் இம்மண்ணில் வேர்கொண்டது என்று கேட்டவர் சிலரே.

பெயரிலிருந்தே தொடங்கலாம். ரோஜா என்ற சொல் போர்த்துக்கீசியரின் 'ரோசா' கடற்கரை வழியே வந்து திரிந்தது என்பர். வடபுலத்தில் வழங்கும் குலாப் என்பது பாரசீகச் சொல். 'குல்' மலர், 'ஆப்' நீர். மலரிலிருந்து வடித்த நீரின் பெயர் அங்கே மலருக்கே பெயராயிற்று. தமிழிலும் நிகழ்ந்தது அதுவே. பனிநீராகிய பன்னீர், அதனைத் தரும் பூவுக்கு அடைமொழியாயிற்று. இருமொழியிலும் மணம் முன்னே வந்து, செடி பின்னே வந்திருக்கிறது. செப்பில் அடைத்த நீரைக் கொண்டுவருவது எளிது. உயிருள்ள வேரைக் கொண்டுவருவது அரிது.

அவ்வருமைக்குக் காரணம் தட்பவெப்பமே. ஐரோப்பாவின் பழைய ரோஜாக்கள் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறை பூப்பவை. குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி, அவ்வுறக்கத்தின் பயனாக வேனிலில் மலர்வன. குளிரே காணாத காவிரிச் சமவெளியில் அவை தழைக்கலாம், பூத்தல் அரிது. சீன ரோஜாவின் இயல்பு வேறு. உறக்கம் வேண்டாது, புதுத்துளிர் வரும்போதெல்லாம் மொட்டு வைக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தொன்பதின் தொடக்கத்திலும் இவ்வினங்கள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது கல்கத்தா வழியே சென்றமையால், பிரஞ்சுக்காரர் அவற்றை 'வங்காள ரோஜா' என்றே வழங்கினர். சீனத்துப் பூவுக்கு வங்காளத்துப் பெயர்! தங்கிச் சென்ற ஊரின் பெயர் பிறந்த ஊரின் பெயரை மறைத்துவிட்டது.

சீன ரோஜாவுக்கு நேர்மாறான வழியில் வந்தது டமாஸ்க் ரோஜா. பன்னீருக்குரிய நறுமணம் அதனுடையது. மேற்காசியாவிலிருந்து பாரசீகர் வழியாகவும் முகலாயர் வழியாகவும் வடஇந்தியாவில் நிலைத்தது. அதன் ஒருவகை, முதற்பூப்புக்குப் பின் இலையுதிர் பருவத்திலும் சில பூக்களைத் தரும். 'நான்கு பருவ ரோஜா' என்று அதற்குப் பெயர்.

இவ்விரண்டும் சந்தித்த இடம், இன்று ரெயூனியன் எனப்படும் பூர்போன் தீவு. இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள அத்தீவின் குடியானவர்கள் தம் நிலங்களுக்கு ரோஜாவால் வேலி அமைத்தனர். ஒரு வரிசை சீன ரோஜா, மற்றொரு வரிசை சிவந்த நான்கு பருவ ரோஜா. சேன் பெனுவா என்னும் ஊரில் பெரிஷோன் என்பவர் வேலி நட்டபோது, கன்றுகளுள் ஒன்று மற்றவற்றோடு ஒவ்வாதிருக்கக் கண்டார். பிடுங்கி எறியாமல் தம் தோட்டத்தில் வைத்தார். மறு ஆண்டு பூத்தது; இரண்டினும் வேறான புதிய இனம். 1817 இல் அங்குள்ள தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்க வந்த பிரெயோன் அதனைப் பெருக்கினார். செடியையும் விதையையும் பாரிசுக்கு அருகில் நெய்யி அரண்மனைத் தோட்டத்தில் பணிபுரிந்த ழாக் என்பவர்க்கு அனுப்பினார். பூர்போன் ரோஜாக்கள் என்னும் பெருங்குலம் அங்கிருந்து ஐரோப்பாவெங்கும் பரவியது. இச்செய்தியை ஆங்கிலேயத் தோட்டக்கலைஞர் தாமசு ரிவர்ஸ் தம் 1837 ஆம் ஆண்டு நூலில் எழுதிவைத்தார்.

அரசர் தோட்டத்தில் திட்டமிட்டுக் கலந்ததன்று. குடியானவன் வேலியில் தேனீ கலந்தது. தாயிடமிருந்து அடிக்கடி பூக்கும் இயல்பும், தந்தையிடமிருந்து மணமும் பெற்ற பிள்ளை என்று இதனைச் சொல்லலாம். எது தாய், எது தந்தை என்பது தேனீக்கே வெளிச்சம். வெப்பமண்டலத் தீவில் பிறந்தமையால் வெப்பம் இதற்கு வேற்றுநிலம் ஆகவில்லை. தமிழ்ச் சமவெளியில் இது நிலைத்ததற்கும், சீமையிலிருந்து நேரே வந்த பல ரோஜாக்கள் பூக்காமலே மறைந்ததற்கும் வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. ரோஜா குளிர்நாட்டுப் பூ, இங்கு ஒட்டாத பூ என்று எழுதுவோர் பன்னீர் ரோஜாவை எண்ணிப் பார்ப்பது நன்று.

தீவில் அதற்கு 'எதுவார் ரோஜா' என்றும் பெயர் வழங்கியது. பிரஞ்சு எதுவார் ஆங்கிலர் நாவில் எட்வர்டு ஆயிற்று. முடிசூடிய எட்வர்டு மன்னர்க்கும் இப்பூவுக்கும் தொடர்பு ஏதும் இல்லை.

திருக்கடையூருக்குத் தெற்கே சில கல் தொலைவில் தரங்கம்பாடி. அதற்கும் தெற்கே காரைக்கால். தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை தேனிசுக்காரர் வசம் இருந்தது. தாவரவியல் அறிஞர் லின்னேயசின் மாணவராகிய கேனிக், 1768 இல் அங்கு மருத்துவராக வந்து, இப்பகுதிச் செடிகளைத் தொகுத்து ஐரோப்பிய அறிஞர்க்கு அனுப்பினார். காரைக்காலிலிருந்தோ செடிகளினும் பெரிய சுமை கப்பலேறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், பிரஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் உழைக்க, புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர் ஒப்பந்தக் கூலிகளாய் ரெயூனியனுக்குச் சென்றனர். ஆங்கில அரசு 1882 இல் அதனை நிறுத்தும்வரை இப்போக்கு நீடித்தது. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே 'மலபார்' எனப்படுகின்றனர். மாரியம்மன் கோயில்களும் தீமிதியும் அங்கு உள்ளன. பேச்சில் தமிழ் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அத்தீவின் வேலியில் பிறந்த பூவோ, அவர்கள் விட்டுச்சென்ற கரையின் மாலைகளில் மணக்கிறது. பெயர்த்து நடப்பட்டவை எல்லாம் ஒரே வகையில் பிழைப்பதில்லை.

நிற்க. காவிரியின் கடைமடையில் ரோஜா வளர்ப்பது எளிதன்று. களிமண், கடலோரத்தில் உவர்க்கும் நீர், ஐப்பசி கார்த்திகையில் தேங்கும் வெள்ளம். உவரில் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாய் நிற்கும். நீர் தேங்கினால் வேர் அழுகும். ஆகவே கொல்லையின் மேட்டுப்பாங்கான இடத்தில், ஆற்று மணலும் மக்கிய எருவும் கலந்து நடுவதே இங்கு ஏற்ற முறை. முற்றிய கிளையில் விரற்கனத்தில் போத்து நறுக்கி, மேல்நுனியில் சாணம் அப்பி, நிழலில் சாய்த்து ஊன்றுவர். வளர்ந்த செடியை இடம் மாற்றுவதானால் மழை ஓய்ந்த மார்கழி, தை ஏற்ற காலம். கிளைகளைக் கவாத்து செய்து, தாய்மண் உதிராமல் பெயர்த்து, சில நாள் நிழல்காட்டவேண்டும். அரிசி கழுவிய நீரும் தேயிலைச் சக்கையும் கொல்லைச் செடியின் வழக்கமான உணவு. பிறந்தகத்திலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த போத்து, புகுந்த வீட்டுக் கிணற்றடியில் பூப்பது இப்பகுதிக்குப் புதிதன்று. எட்வர்டு ரோஜா சொந்த வேரிலேயே நன்கு வாழ்வதால் இவ்வழி பரவ முடிந்தது. இப்பரவலுக்கு ஆவணம் இல்லை. பெண்கள் கைம்மாற்றாய்க் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு எழுதுவதில்லை.

கொடைக்கானலில் ரோஜா இனப்பெருக்கம் செய்துவரும் வீரராகவன், கிரிஜா இணையரின் பணி இங்குக் குறிக்கத்தக்கது. புதுக்கால ரோஜாக்கள் குளிர்நாடுகளை நோக்கியே உருவாக்கப்பட்டவை. வெப்பநாட்டுக்கு வெப்பநாட்டு ரத்தமே வேண்டும் என்பது அவர்தம் கருத்து. அதற்காக மணிப்பூர் மலைகளின் ரோசா ஜைகாண்டியாவையும், வங்காளம், பீகார்ப் பகுதிகளின் நீர்க்கரையில் வளரும் ரோசா கிளினோஃபில்லாவையும் கலப்புக்கு எடுத்துக்கொண்டனர். இரண்டாவது, மழைக்காலத்தில் தண்ணீரிலே நின்றும் பிழைக்கும் காட்டு ரோஜா. கடைமடைக்கு அதனினும் பொருத்தமான முன்னோர் வேறு இருத்தல் அரிது.

எட்வர்டு ரோஜாவுக்கோ இப்போது வேறொரு வேலை வாய்த்துள்ளது. உரமான வேர் உடையதாதலின், நாற்றுப்பண்ணைகள் பலவற்றில் அதனை ஒட்டுக்கட்டையாகப் பயன்படுத்துகின்றனர். தண்டில் கீறிப் புதுவகையின் கண்ணைப் பொருத்தி, அது துளிர்த்தபின் பழஞ்செடியின் தலையை வெட்டிவிடுவர். மேலே பூப்பது பெரிய, நீண்ட காம்புடைய, பெரும்பாலும் மணம் குன்றிய பூ; கீழே நீர் உறிஞ்சித் தருவது பழைய ரோஜா. சில ஆண்டுகளில், கடுங்கோடையிலோ அடைமழையிலோ மேலொட்டு பட்டுப்போகும். அப்போது ஒட்டுக்குக் கீழிருந்து வெளிர்பச்சைத் தளிர் ஒன்று கிளம்பும். காட்டுக்கிளை என்று சொல்லி அதனை ஒடித்தெறிவதே வழக்கம். ஒடிக்காமல் விட்டால், அடுத்த பருவத்தில் அதில் பன்னீர் ரோஜா பூக்கும்.