கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறீர்களா? முதலில் நாட்காட்டி, அளவு நாடா, பிறகு டிக்கெட்

சென்ற பள்ளி விடுமுறையில் அக்காள் மகனை ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றோம். சுங்கை சிப்புட்டிலிருந்து விடியற்காலை நான்கு மணிக்கு வேன் கிளம்பியது. ஒரு மாதமாக அவன் பேசிக்கொண்டிருந்த ரோலர் கோஸ்டரின் நுழைவாயிலில் உயரம் பார்க்கும் கோல் ஒன்று இருந்தது. அவன் தலை அந்தக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது. பணியாளர் தன்மையாகத்தான் மறுத்தார், அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த உயர வரம்பு பூங்காவின் இணையப் பக்கத்திலேயே இருந்தது, பார்க்காமல் போனது நாங்கள்தான். திரும்பும் வழியில் தாப்பா வரை பையன் வாய் திறக்கவில்லை.

தீம் பார்க்கைக் 'கருப்பொருள் பூங்கா' என்று எழுதப் பல்கலைக்கழகத்தில் பழகினேன். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் இங்கே கேளிக்கைப் பூங்கா என்றே வைத்துக்கொள்வோம்.

நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளத்தில் நால்வர் கொண்ட குடும்பம் டிக்கெட், பயணம், சாப்பாடு எல்லாவற்றையும் சமாளித்து ஒரு நாள் போய்வருவது சிறிய செலவல்ல. பல வீடுகளில் அது இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் காரியம். அந்த ஒரு நாள் வரிசையில் நிற்பதிலேயே கழியாமல் இருக்க, குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்.

எந்தப் பூங்கா என்பதைப் பிள்ளைகளின் வயது முடிவு செய்யட்டும். ஜொகூர் இஸ்கண்டார் புத்ரியில் 2012-ல் திறக்கப்பட்ட லெகோலேண்ட், 2 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. படிவம் நான்கில் படிக்கும் அண்ணனுக்கு அங்கே அலுப்புத் தட்டலாம். அவனுக்கு 2022 பிப்ரவரியில் திறந்த கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ் பொருத்தமாக இருக்கும். ஈயச் சுரங்க நிலத்தில் உருவான சன்வே லகூன், தண்ணீர் விளையாட்டை விரும்பும் கலவையான குடும்பத்துக்கு ஏற்றது. பேராக் மக்கள் கோலாலம்பூர் வரை வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. ஈப்போ அருகே தம்புன் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவில் வெந்நீர் ஊற்றுடன் கூடிய லாஸ்ட் வேர்ல்ட் இருக்கிறது. பாட்டி தாத்தாவும் வருவதாக இருந்தால் என் ஓட்டு அதற்குத்தான்.

பூங்கா முடிவானதும் பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்துவிடுங்கள். எடுத்துக்காட்டாக, சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்குக் குறைந்தது 102 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். ஜுராசிக் பார்க் நீர்ச் சவாரிக்கு 107, மம்மி சவாரிக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125. ஆக, 110 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு முதல் இரண்டும் உண்டு, அடுத்த இரண்டும் இல்லை. இதை வீட்டிலேயே சொல்லிவிட்டால் அழுகை வீட்டோடு முடிந்துவிடும். எந்தப் பூங்காவானாலும் ஒவ்வொரு சவாரியின் உயர வரம்பும் அதன் இணையப் பக்கத்தில் இருக்கும்.

அடுத்தது தேதி. இதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். கல்வி அமைச்சின் பள்ளி நாட்காட்டியை மட்டும் பார்த்தால் போதாது, சிங்கப்பூரின் பள்ளி விடுமுறையையும் பார்க்க வேண்டும். அங்கே ஜூனில் நான்கு வாரம், நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஆறு வாரம் விடுமுறை. அந்த நாட்களில் ஜொகூர் பாலத்திலும் லெகோலேண்டிலும் கூட்டம் சேரும். வார நாட்களில் செவ்வாய், புதன், வியாழன் ஓரளவு காற்றோட்டமாக இருக்கும். ஆனால் பள்ளி விடுமுறை இல்லாத காலத்தில் சில பூங்காக்கள் வாரத்தில் ஒரு நாள் மூடியிருக்கும், அதையும் கவனியுங்கள்.

பிள்ளைக்குப் பள்ளி கெடாமல் வார நாளில் போக ஒரு வழி இருக்கிறது. அதுதான் மாநில விடுமுறை. பேராக் சுல்தானின் பிறந்தநாள் விடுமுறை நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை வருகிறது. அன்று பேராக்கில் பள்ளி இல்லை. சிலாங்கூரிலும் பகாங்கிலும் வழக்கமான வேலை நாள். ஈப்போ குடும்பம் ஒன்று கெந்திங் ஏற இதைவிட நல்ல நாள் அமைவது கடினம். நெகிரி செம்பிலானுக்கு ஜனவரி 14 விடுமுறை, ஜொகூருக்கு இல்லை. அன்றோ மறுநாளோ பொங்கல் வந்துவிடும் என்பதால் வீட்டில் அம்மாவிடம் முதலில் அனுமதி வாங்குவது உங்கள் பொறுப்பு.

தேதி ஓரளவு முடிவானால் கூகல் மேப்ஸில் பூங்காவின் பெயரைத் தேடிப் பாருங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கூட்டம் அதிகம் என்று பட்டை வரைபடம் ஒன்று காட்டும். அது வழக்கமான வாரங்களின் கணக்கு, விடுமுறை வாரத்துக்கு அப்படியே பொருந்தாது. மழையையும் மறக்கக்கூடாது. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை ஜொகூரை நன்றாகவே நனைக்கும். மேற்குக் கரையில் ஏப்ரல், மே, அக்டோபர் மாத மாலைகளில் இடியுடன் மழை வழக்கம். மின்னல் கண்டால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். அதனால் வெளிச் சவாரிகளைக் காலையிலும், கூரைக்குள் இருப்பவற்றை மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டைப் பூங்காவின் சொந்த இணையப் பக்கத்திலோ செயலியிலோ வாங்குவதே பாதுகாப்பானது. மலேசியர்களுக்கு மைகாட் காட்டினால் குறைந்த விலை பல இடங்களில் உண்டு. பிள்ளைகளின் மைகிட்டையும் கையோடு கொண்டு போங்கள். குழந்தைக் கட்டணம் எந்த வயது வரை என்பது பூங்காவுக்குப் பூங்கா மாறும். சிங்கப்பூர் யுனிவர்சலில் அது 4 முதல் 12 வயது வரை. தேதி குறிப்பிட்ட டிக்கெட்டா, எந்த நாளும் செல்லுமா, மழை பெய்தால் மாற்ற முடியுமா என்ற மூன்றையும் பணம் கட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள்.

முகநூலில் 'பாதி விலை, இன்று மட்டும்' என்று வரும் விளம்பரத்தைக் கண்டால் விலகிவிடுங்கள். பணத்தைத் தனிநபர் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னாலே அது சந்தேகத்துக்குரியது. ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே வங்கியையும் தேசிய மோசடி மறுமொழி மையத்தின் 997 எண்ணையும் அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் கைமாறிக்கொண்டிருக்கும். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு எண் 1799.

பாலம் தாண்டிப் போவதாக இருந்தால் கணக்கு வேறு. மலேசியக் கடப்பிதழுக்குப் பெரியவருக்கு 200 ரிங்கிட், 12 வயதுக்கு உட்பட்டவருக்கு 100. பெற்றோரும் சிறு பிள்ளைகள் இருவரும் முதன்முறை எடுத்தால், டிக்கெட் வாங்கும் முன்பே 600 ரிங்கிட் போய்விடும். சிங்கப்பூர் வருகை அட்டையைச் சென்று சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையம் வழி நிரப்ப வேண்டும். அது முற்றிலும் இலவசம். கட்டணம் கேட்கும் பக்கம் எதுவானாலும் அது குடிநுழைவுத் துறையின் பக்கம் அல்ல. சொந்தக் காரில் போகிறவர்கள் வாகன நுழைவு அனுமதியை முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். பேருந்திலோ ரயிலிலோ போய், ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி, விவோசிட்டியிலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸில் ஏறினால் பூங்கா வாசல் அருகிலேயே இறங்கலாம்.

போவதற்கு முதல் வாரம் பூங்காவின் செயலியைக் கைப்பேசியில் இறக்கி, வரைபடத்தைக் குடும்பமாக உட்கார்ந்து பாருங்கள். பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கும் சவாரிகள் எவை என்பதும் பூங்காவின் பக்கத்தில் தெரியும். ஆளுக்கு ஒரு சவாரி என்று தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் ஏற வேண்டும் என்று கிளம்பினால் எதிலும் நிம்மதியாக ஏற முடியாது. கதவு திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பே வாசலில் இருங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் அதிகக் கூட்டம் சேரும் சவாரிக்கு நேரே போய்விட வேண்டும். சாப்பாட்டைப் பதினொன்றரைக்கே முடித்துவிட்டால், மற்றவர்கள் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது நீங்கள் சவாரியில் இருப்பீர்கள். விரைவு வரிசைக்குக் கூடுதல் பணம் கட்டும் டிக்கெட் சாதாரண வார நாளில் வீண் செலவு என்பது என் கருத்து. தனியாக ஏறச் சம்மதிப்பவர்களுக்குச் சில சவாரிகளில் தனி வரிசை உண்டு, அதற்குக் காசு இல்லை. கைக்குழந்தையோடு போகும் பெற்றோர் இருவரும் மாறி மாறி ஏற வழியிருக்கிறதா என்று வாசலில் உள்ள பணியாளரிடம் கேளுங்கள்.

வெளி உணவைப் பெரும்பாலான பூங்காக்கள் அனுமதிப்பதில்லை. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள், குறிப்பாகப் புரட்டாசியில் போகிறவர்கள், உள்ளே என்ன கிடைக்கும் என்று முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. நீர்ப் பூங்காக்களில் சாதாரண டி-சட்டையோடு இறங்க விடமாட்டார்கள், நீச்சலுடை விதியைப் படியுங்கள். கெந்திங் ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரம் என்பதால் பாட்டிக்கு ஒரு கம்பளிச் சட்டை கட்டாயம்.

தோட்டத்திலிருந்தோ தமிழ்ப்பள்ளியிலிருந்தோ பேருந்து பிடித்துக் கூட்டமாகப் போவது இன்னும் மலிவு. குழுவுக்குத் தனி விலை உண்டா, குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்று பூங்காவின் விற்பனைப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளியின் பெயரில் போனால் கல்வி இலாகாவின் அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், அதனால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் தேதியைச் சீக்கிரமே முடிவு செய்தாக வேண்டும். முன்பணத்தை ஒருவர் வசூலிக்க, இன்னொருவர் கணக்கு எழுதி, ரசீதைப் புலனக் குழுவில் போட்டுவிட்டால் பின்னால் பேச்சு வராது. ஏறும்போது இருக்கைப் பட்டை வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். 2025 ஜூலை 1 முதல் சுற்றுலாப் பேருந்துப் பயணிகள் அதை அணியாவிட்டால் அபராதம் உண்டு. கடைசியாக, ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றை வைத்து, தொலைந்தால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று வாசலிலேயே இடத்தைக் காட்டிவிட்டு உள்ளே போங்கள்.