கறுப்புப் பெட்டிக்குள் ஒரு வரலாறு

டிவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் சப்வூஃபரின் முதுகை என்றைக்காவது திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் இரண்டு குமிழ்கள், ஒரு சுவிட்ச் இருக்கும். கிராஸ்ஓவர், வால்யூம், ஃபேஸ். வாங்கி வந்த அன்று வால்யூமைப் பாதிக்குத் திருகி வைத்ததோடு சரி, அதற்குப் பின் யாரும் தொடுவதில்லை. அவை எப்படி வந்தன என்று தெரிந்தால் எப்படித் திருக வேண்டும் என்பதும் தானே விளங்கிவிடும்.

ஒரு காலத்தில் மந்த்ர ஸ்தாயி ஒலி வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும். 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்சர் என்பவர், தம் மாணவர் ஹென்றி க்ளாஸுடன் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கி, அதை மாற்றினார். பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பீக்கர் கூம்புக்கு ஸ்பிரிங்காக வேலை செய்ய வைத்தார். பெட்டி சிறுத்தது. ஆனால் கரண்ட் அதிகம் கேட்டது. சின்னப் பெட்டி, ஆழமான ஒலி, குறைந்த வாட்ஸ் இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும் என்பது ஹாஃப்மன் என்ற பொறியாளர் பெயரால் வழங்கும் விதி. பிற்பாடு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் மலிவானதும் அதைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். நம் வீட்டுச் சப்வூஃபருக்குத் தனி பிளக் இருப்பது இதனால்தான்.

அதிர்வை ஜனங்களிடம் கொண்டுபோனது சினிமா. 1974-ல் 'எர்த்குவேக்' படத்துக்காக யுனிவர்சல் ஸ்டுடியோ 'சென்சரவுண்ட்' என்ற ஏற்பாட்டைச் செய்தது. பெரிய பெரிய ஹார்ன் ஸ்பீக்கர்களைத் தியேட்டருக்குள் வைத்து, பூகம்பக் காட்சியில் நாற்காலியையே நடுங்க வைத்தார்கள். ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில் கூரைக் காரை உதிர்ந்து தலையில் விழாமலிருக்க வலை கட்டினார்கள். 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' 70 எம்.எம். பிரதிகளில் டால்பிக்காரர்கள் ஆறு டிராக்கில் இரண்டை பேஸ் ஒலிக்கென்றே ஒதுக்கினார்கள். அதன் வாரிசுதான் நாம் சொல்லும் 5.1. அந்தப் புள்ளி ஒன்று 120 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிக்கு மட்டுமான தனி வழி. இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் டாம்லின்சன் ஹோல்மன். வீட்டுச் சிஸ்டங்களுக்கு 80 ஹெர்ட்ஸ் கிராஸ்ஓவர் என்ற வழக்கமும் அவர் உருவாக்கிய டி.எச்.எக்ஸ். மூலம் பரவியதே. அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குச் சரியாகப் பிடிபடாது.

இனி வீட்டுக்கு வருவோம். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய எட்டரை மீட்டர். நம் ஹாலோ நாலைந்து மீட்டர்தான். அலை சுவரில் மோதித் திரும்பி, ஓரிடத்தில் குவியும், இன்னோரிடத்தில் காணாமல் போகும். மூலையில் பெட்டியை வைத்தால் சத்தம் கூடும், தெளிவு குறையும். நல்ல இடம் கண்டுபிடிக்க ஒரு பழைய யுக்தி உண்டு. பெட்டியை நீங்கள் உட்காரும் சோபாவில் ஏற்றி, பேஸ் கிட்டார் நன்றாகக் கேட்கும் ஒரு பாட்டைப் போட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து வாருங்கள். எங்கே ஒவ்வொரு சுரமும் ஒரே சீராகக் கேட்கிறதோ, அதுவே பெட்டிக்கு இடம். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் பேரனை அனுப்பலாம்.

பிறகு கிராஸ்ஓவர். ஏ.வி. ரிசீவர் இருந்தால் அதில் 80 என்று வைத்து, பெட்டியின் குமிழை உச்சத்துக்குத் திருகிவிடுங்கள். இரண்டு இடத்தில் வடிகட்ட வேண்டாம். ஃபேஸ் சுவிட்சை வேறொருவர் மாற்றி மாற்றிப் போட, உட்காரும் இடத்திலிருந்து கேளுங்கள். எந்தப் பக்கம் ஒலி நிறைவாக இருக்கிறதோ அதுவே சரி. வால்யூமைக் கடைசியில், பூஜ்யத்திலிருந்து ஏற்றுங்கள். பெட்டி இருப்பது தெரியக் கூடாது, அணைத்தால் மட்டும் குறை தெரிய வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம் ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு முக்கியம். பேச்சொலியைத் தடுக்கும் சுவர் பேஸ் ஒலியை அவ்வளவாகத் தடுக்காது. உங்களுக்கு வெடிச்சத்தம், மேல்வீட்டில் தூங்கும் குழந்தைக்கு அது கட்டில் அதிர்வு. சண்டை வந்த பிறகு பெட்டியை விற்கிறவர்களையும், ஒலி போதவில்லை என்று இன்னும் பெரிதாக வாங்குகிறவர்களையும் பார்க்கிறேன். இரண்டுக்கும் முன்னால் அரை மணி நேரம் செலவழித்துப் பெட்டியை இரண்டடி நகர்த்திப் பாருங்கள்.