இரண்டாம் கடை

ஒரே பொருளை விற்கும் இரு கடைகள் எதிரெதிரே இருந்தால் வாங்குபவருக்கு நன்மை என்பது நாம் அறிந்ததே. கணினிச் செயலிகளின் வரலாற்றில் இந்த இரண்டாம் கடை தானாக முளைக்கவில்லை. ஒரு பெரிய வாடிக்கையாளர் வற்புறுத்தியதால் நிலைபெற்றது.

இன்டெல்லும் ஏ.எம்.டியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் நிறுவனத்தை விட்டு வெளியேறிய ராபர்ட் நாய்சும் கார்டன் மூரும் 1968இல் இன்டெல்லைத் தொடங்கினர். அங்கே விற்பனைத் துறையில் இருந்த ஜெர்ரி சாண்டர்ஸ் தோழர்கள் சிலருடன் 1969இல் ஏ.எம்.டியைத் தொடங்கினார். 1981இல் ஐ.பி.எம் தன் தனிநபர் கணினிக்கு இன்டெல்லின் 8088 செயலியைத் தெரிவு செய்தபோது, ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க அது விரும்பவில்லை. இன்னொருவரும் அதே செயலியைத் தயாரித்தளிக்க வேண்டும் என்றது. அதன் விளைவே இன்டெல்லும் ஏ.எம்.டியும் 1982இல் செய்துகொண்ட ஒப்பந்தம்.

ஆனால் 1985இல் 386 செயலி வந்தபோது இன்டெல் அதன் வடிவமைப்பை ஏ.எம்.டிக்குத் தர மறுத்தது. 1987இல் வழக்கு நடுவர் மன்றத்துக்குச் சென்றது. 1992இல் தீர்ப்பு ஏ.எம்.டியின் பக்கம், 1994இல் கலிஃபோர்னிய உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இதற்கிடையில் ஏ.எம்.டி தானே முயன்று 1991இல் தன் 386ஐக் கொண்டுவந்தது. இன்டெல்லின் 386 எட்டிய உச்ச வேகம் 33 மெகாஹெர்ட்ஸ், ஏ.எம்.டியுடையதோ 40. வெறும் எண்ணுக்கு வணிகச்சின்ன உரிமை கோர முடியாது என்று நீதிமன்றம் கூறிவிட்டதால், அடுத்தடுத்த செயலிகளுக்கு இன்டெல் பெயர் தேடவேண்டியதாயிற்று. 1993இல் வெளிவந்த செயலியின் 'பென்டியம்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். நம் ஊர்க் கணினிக் கடைகளில் மந்திரம்போல் ஒலித்த அப்பெயருக்குப் பின்னால் ஒரு வழக்கு இருந்தது!

2000ஆம் ஆண்டு மார்ச் 6 அன்று ஏ.எம்.டி ஒரு கிகாஹெர்ட்ஸ் வேகச் செயலியை அறிவித்தது. இரண்டே நாட்களில் இன்டெல்லும் அறிவித்தது. எனினும் இவ்வேகப் போட்டியைவிட 2003இல் நிகழ்ந்ததையே நாம் முக்கியமாகக் கருதுகிறோம். 64 பிட் கணிமைக்கு இன்டெல் காட்டிய வழி இட்டானியம். பழைய மென்பொருள்கள் அதில் முன்போல் விரைந்து இயங்கவில்லை. ஏ.எம்.டியோ பழைய நிரல்களும் அப்படியே ஓடும் வகையில் 64 பிட் நீட்சியை வகுத்தது. மறுஆண்டே இன்டெல் அவ்வழியை ஏற்றது. வாங்குபவர் தம் பழைய மென்பொருள்களைத் தூக்கியெறிய வேண்டிய நிலை இதனால் நீங்கியது. விலைக்குறைப்பைவிட இது பெரிய நன்மை என்போம்.

நியாயமான போட்டிதானா என்ற கேள்வியும் எழுந்தது. கணினி உற்பத்தியாளர்களுக்கு நிபந்தனைத் தள்ளுபடி அளித்து ஏ.எம்.டியை ஒதுக்கியதாகக் கூறி, 2009இல் ஐரோப்பிய ஆணையம் இன்டெல்லுக்கு 106 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2022இல் நீதிமன்றம் அந்த அபராதத்தை ரத்து செய்தது. 2009இலேயே இன்டெல் 125 கோடி டாலர் கொடுத்து ஏ.எம்.டியுடன் சமரசம் செய்துகொண்டிருந்தது.

2011இல் ஏ.எம்.டியின் புல்டோசர் வடிவமைப்பு சோபிக்கவில்லை. எதிர்க்கடை ஓய்ந்தது. 2007இல் நான்கு உள்ளகங்களுடன் கிடைத்த இன்டெல்லின் வழக்கமான மேசைக் கணினிச் செயலிகள் 2017இன் தொடக்கத்திலும் நான்கிலேயே நின்றன. எட்டு உள்ளகங்கள் வேண்டுவோர் ஆயிரம் டாலருக்கு மேல் செலவிட வேண்டும். அவ்வாண்டு மார்ச்சில் ஏ.எம்.டியின் ரைசன் எட்டு உள்ளகங்களை 499 டாலருக்குத் தந்தது. அக்டோபரில் இன்டெல், ஏறத்தாழ பழைய விலையிலேயே ஆறு உள்ளகங்களைத் தந்தது. ஏழு மாதத்தில் முடிந்தது, முந்தைய பத்தாண்டில் ஏன் முடியவில்லை?

ஏ.எம்.டியைத் தர்மவானாகக் கருதவும் இடமில்லை. 2020 நவம்பரில் முன்னணிக்கு வந்ததும் தன் புதிய ரைசன் 5000 செயலிகளின் விலையை முந்தைய வரிசையைவிட ஐம்பது டாலர் உயர்த்தியது. ஆறு உள்ளகச் செயலிக்கு 299 டாலர். 2022 தொடக்கத்தில் இன்டெல் 200 டாலருக்குள் ஆறு உள்ளகச் செயலியை இறக்கியது. ஏப்ரலில் ஏ.எம்.டியும் ஆறு உள்ளகங்கள் கொண்ட ஒன்றை 199 டாலருக்கு விற்கத் தொடங்கியது.