மார்க்ஸ் குடும்பக் கல்லறை, ஹைகேட்

வட லண்டனில் 1839-இல் திறக்கப்பட்ட ஹைகேட் இடுகாட்டின் கிழக்குப் பகுதியில் உள்ளது. கார்ல் மார்க்ஸின் பெயரால் அறியப்பட்டாலும், முதலில் அடக்கமானவர் 1881 டிசம்பரில் இறந்த அவர் மனைவி ஜென்னி. 1883 மார்ச் 17-இல் மார்க்ஸும் அதே குழியில் அடக்கமானார். நண்பர் எங்கெல்ஸின் இரங்கலுரையைக் கேட்டவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். அதே மாதம் நான்கு வயதுப் பேரன் ஹாரி லோங்கேயும், 1890-இல் வீட்டுப் பணிப்பெண் ஹெலன் டெமூத்தும் அங்கேயே சேர்ந்தனர். எசமானர் குடும்பத்தோடு ஒரே கல்லில் பணிப்பெண்ணின் பெயரும் இருப்பதே இங்கு முதலில் கவனிக்கத்தக்கது.

1898-இல் இறந்த மகள் எலியனோரின் அஸ்திக் கலசம் இடதுசாரி அமைப்புகளின் பல அலுவலகங்களில் இருந்தது. 1921-இல் காவல்துறைகூட அதைக் கைப்பற்றியது. 1956-இல்தான் குடும்பத்தோடு சேர்ந்தது.

பழைய குழி ஒதுக்குப்புறமானது. 1954-இல் எச்சங்கள் சற்றுத் தள்ளி இன்றைய இடத்துக்கு மாற்றப்பட்டன. லாரன்ஸ் பிராட்ஷா வடித்த பிரமாண்ட வெண்கலத் தலை 1956-இல் திறக்கப்பட்டது. அடக்கமான கல்லறை என்று இனி யாரும் சொல்ல முடியாது. பெயர்கள் பொறித்த பழைய பளிங்குப் பலகையைப் பீடத்தின் முகப்பில் பதித்தனர். 2019-இல் சுத்தியலால் தாக்கிச் சேதப்படுத்தப்பட்டது அந்தப் பலகைதான்.