மனித மாண்பு: ஊவாத் தோட்டங்களின் வரலாற்றில்

மனிதராய்ப் பிறந்த ஒரே காரணத்தால் ஒவ்வொருவருக்கும் உரிய மதிப்பே மனித மாண்பு. செல்வமோ சாதியோ தொழிலோ அதைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனம் இதைத் தன் முதல் உறுப்புரையிலேயே வைத்தது. குடியுரிமை எல்லோருக்கும் உண்டு என்றது 15ஆம் உறுப்புரை.

அந்தப் பிரகடனத்துக்கு 25 நாள் முன்னர், நவம்பர் 15இல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. பரம்பரைக்கு ஆவணம் காட்ட முடியாமல் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் அடுத்த தேர்தலுக்குள் வாக்குரிமையை இழந்தார்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மீதி 150,000 பேரின் கதி 1974இல்தான் முடிவானது. எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

காகிதத்தில் பறிபோனது அன்றாடத்திலும் தெரிந்தது.

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை மலைகளின் தேயிலையிலும் மொனராகலையின் ரப்பரிலும் உழைத்தவர்களுக்குத் தோட்டம் தந்த இருப்பிடம் லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாய் அறைகள், பொதுச் சுவர்கள், முன்னால் இஸ்தோப்பு எனும் ஒடுங்கிய தாழ்வாரம். மகன் திருமணம் முடித்தால் அதே அறைக்குள் ஒரு சேலை மறைப்பாகும். விடியலில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு, போகும் பெண் பறித்த கொழுந்து நிறுவையில் குறைந்தால் அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். மழையும் அட்டையும் அந்தக் கணக்கில் சேராது.

ஊவாவில் இந்த லய வாழ்வின் கொடிய முகம் 2014 அக்டோபர் 29 காலையில் தெரிந்தது. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலரது உடல்கள் கிடைக்கவேயில்லை. ஆபத்துப் பற்றிய எச்சரிக்கை முன்பே விடுக்கப்பட்டிருந்தது. சொந்தக் காணி இல்லாத குடும்பம் எச்சரிக்கையைக் கேட்டு எங்கே போகும்?

உள்ளூராட்சியும் நெடுங்காலம் தோட்ட வாசலிலேயே நின்றது. பிரதேச சபைகள் தம் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட இருந்த சட்டத்தடை 2018 திருத்தத்தால் நீங்கியது. சம்பளப் போராட்டம் நீண்டு, 2021இல் நாட்கூலி 1,000 ரூபாய் ஆனது. 7 பேர்ச் காணியில் தனிவீடு கட்டும் திட்டமும் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. ஆனாலும் ஊவாவில் இன்னும் பல குடும்பங்கள் லயத்திலேயே வாழ்கின்றன, தம் பெயரில் காணி உறுதி இல்லாமலே.