மன்னர் விருப்பமும் மேஸ்திரி விருப்பமும்

அரசு ஊழியரை நினைத்த மாத்திரத்தில் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று ஊரே பேசுகிறது. கொஞ்சம் பொறாமையோடுதான் பேசுகிறது. இந்தப் பாதுகாப்பு எப்படி வந்தது, யார்வரைக்கும் வந்து நின்றுபோனது என்பதை நாம்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் அரசு வேலை என்பது மன்னரின் விருப்பம் உள்ளவரைக்கும்தான். 1919ஆம் ஆண்டுச் சட்டம் அதை எழுதியே வைத்தது. கூடவே, நியமித்த அதிகாரிக்குக் கீழே உள்ளவர் நீக்க முடியாது என்று ஒரு சின்ன வேலியும் போட்டது. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் 240ஆம் பிரிவு, நீக்குவதற்கு முன்னால் ஊழியர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்றது. 1950இல் மன்னர் போனார். 310ஆம் உறுப்பில் அந்த இடத்துக்குக் குடியரசுத் தலைவரும் ஆளுநரும் வந்தார்கள். விருப்பம் மட்டும் போகவில்லை. அதற்குப் போட்ட மூக்கணாங்கயிறுதான் 311. குற்றச்சாட்டைச் சொல்லி, விசாரித்து, அப்புறம்தான் நீக்கலாம். விசாரணையே வேண்டாம் என்று விடும் விதிவிலக்குகளும் அதிலேயே உண்டு. 1985இல் துளசிராம் படேல் வழக்கில் உச்சநீதிமன்றம் அவற்றைச் செல்லும் என்று சொல்லிவிட்டது.

அரசியல் சட்ட வரைவுக்குழுவின் தலைவர் அண்ணல் அம்பேத்கர். அவரும் அரசு உத்தியோகம் பார்த்தவர்தான். 1917இல், வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பியூன்கள் ஃபைலைத் தூரத்தில் நின்று மேஜைமேல் வீசினார்கள். ஆபீசில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. தங்கியிருந்த பார்சி விடுதிக்குப் பதினோராம் நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்தது. அவரை யாரும் டிஸ்மிஸ் பண்ணவில்லை, ஓட வைத்தார்கள். இந்த மாதிரி ஓட வைப்பதற்கு 311இலும் மருந்து கிடையாது. நாற்காலியைப் பிடுங்கினால்தான் அது பேசும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தனி டம்ளர் வைத்தால் பேசாது.

நாற்காலியே இல்லாதவர்கள் கதை வேறு. எங்கம்மா ஒரு நகராட்சியில் என்.எம்.ஆர். ஆளாகக் கூட்டினவர். எங்கள் தெருவில் 'பெர்மனன்ட்' என்ற சொல்லைக் குலசாமி பேர் மாதிரிதான் சொல்வார்கள். மேஸ்திரி மஸ்டரில் பேர் எழுதினால் அன்றைக்கு வேலை. "நாளைக்கு வராத" என்றால் விசாரணை முடிந்தது! மன்னரின் விருப்பம் 1950இல் ஒழிந்ததென்று வகுப்பில் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அது காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு தெருமுனையில் நிற்கும்.

ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970இல் வந்தது. நிரந்தரத் தன்மையுள்ள வேலையில் கான்ட்ராக்ட் முறையை அரசு தடை செய்யலாம் என்றது. அப்படித் தடை செய்தால் தொழிலாளி தானாகவே நேரடி ஊழியராகிவிடுவார் என்று 1996இல் உச்சநீதிமன்றம் கதவைத் திறந்தது. 2001இல் அதே நீதிமன்றம் சாத்திவிட்டது. 2006இல் உமாதேவி வழக்கில், முறைப்படி தேர்வாகாத தினக்கூலிகள் நிரந்தரம் கேட்க உரிமையில்லை என்றது. பின்வாசல் என்ற சொல்லும் அந்தத் தீர்ப்பில் வருகிறது. முறையில்லாத நியமனம் இட ஒதுக்கீட்டைத் தின்றுவிடும் என்பது மெய்தான், மறுக்கவில்லை. ஆனால் துப்புரவில் மட்டும் கேட்காமலேயே எங்களுக்கு ஒதுக்கீடு கிடைக்கிறதே, அது எந்த வாசல்?

2003 ஜூலையில் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் ஏறக்குறைய 1,70,000 பேரை ஜெயலலிதா அரசு விசாரணையில்லாமல் நீக்கியது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு எந்த உரிமையும் இல்லை என்று ஆகஸ்ட் 6 அன்று உச்சநீதிமன்றம் சொன்னது. (வேலைநிறுத்த உரிமை சுதந்திரத்தின் மறுபேர் என்று 1938இலேயே பம்பாய் சட்டசபையில் வாதாடியவர் அம்பேத்கர்.) நாடே அதிர்ந்தது, அதிர வேண்டியதுதான். பெரும்பாலோர் பிறகு வேலைக்குத் திரும்பினார்கள். அந்த அநியாயத்தை எதிர்த்து வழக்காட அவர்களிடம் 311 என்று சொல்ல ஒரு எண்ணாவது இருந்தது.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுத் தொழிலாளர்கள் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களை மாநகராட்சியிலேயே வை என்பதுதான் கோரிக்கை. நடைபாதையை விட்டு அகற்றச் சொன்னது உயர்நீதிமன்றம். நள்ளிரவில் போலீஸ் வந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனது.